கலா ஓயாவின் நீர்வரவும் நரம்பு வலைக் கணிதமும்

ஒரே அளவான மழை ஐப்பசித் தொடக்கத்திற் பெய்தால் ஆறு அசையாது கிடப்பதும், அதே மழை மார்கழியிற் பெய்தால் கரைகடந்து பாய்வதும் வரண்ட வலயத்து மக்கள் யாவரும் கண்டறிந்த உண்மை. பெய்த மழையில் எவ்வளவு நீர் மண்ணுள் இறங்கும், எவ்வளவு ஆவியாகிப் போகும், எஞ்சியது எத்தனை மணி நேரத்தில் ஆற்றை அடையும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பது நீரியலின் முதன்மையான வேலைகளுள் ஒன்று. நிலத்தின்மேல் வழிந்து ஆற்றைச் சேரும் இந்நீரை ஓடுநீர் என்பர். ஓடுநீரின் அளவை முன்னறிதற்கு அண்மைக் காலத்திற் கையாளப்படும் செயற்கை நரம்பு வலை என்னும் கணித முறையை, எமது மாவட்டத்துக் கலா ஓயாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றைப் பற்றி எழுத ஆலங்குடாவிலிருந்து ஒருவன் முற்படுவது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். கற்பிட்டிக் குடாநாடு ஒரு மணற்றிட்டு. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையில் ஆறென்று பெயர் பெறத்தக்கது ஒன்றேனும் இல்லை. பெய்யும் மழை மணலினூடே இறங்கி, உவர்நீரின்மீது மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. வெங்காயமும் மிளகாயும் அந்நீரை நம்பியே விளைகின்றன. ஆயினும் களப்பின் மறுபுறத்தே வந்து கலக்கும் கலா ஓயா எம்மவர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. 1990 ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் ஆலங்குடாவிலும் அயலூர்களிலும் குடியேறினர். போர் முடிந்தபின் மன்னார், முசலிப் பகுதிகளிலுள்ள தம் பழைய ஊர்களுக்கு அவர்கள் சென்றுவர நாடிய குறுக்குவழி, புத்தளத்திலிருந்து எலுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாபத்துறை ஊடாகச் செல்லும் பழைய மன்னார் வீதியாகும். அவ்வீதி வில்பத்துக் காட்டினூடே போவது பற்றிச் சூழலியலார் கொண்ட மறுப்பும், அதுபற்றி எழுந்த வழக்கும் தனியே ஆராயப்பட வேண்டியவை. ஈண்டு நாம் கருதுவது எலுவன்குளத்திற் கலா ஓயாவைக் கடக்கும் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தையே. மேலே ராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் கீழே அப்பாலத்தின்மேல் நீர் ஏறுவதும், இருபுறமும் வண்டிகள் நிற்பதும் பல மாரிகளிற் கண்ட காட்சி. சாவு வீட்டுக்குப் போவோனுக்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும், மீன் ஏற்றிய லொறிக்காரனுக்கும் வேண்டிய செய்தி ஒன்றே: நீர் எப்போது ஏறும்? எப்போது வடியும்?

கலா ஓயா 148 கிலோமீற்றர் நீளமுடையது. மகாவலி கங்கைக்கும் மல்வத்து ஓயாவுக்கும் அடுத்ததாக நாட்டின் மூன்றாவது நீண்ட ஆறு இதுவே. இதன் வடிநிலம் நெடுங்காலமாக மனிதன் கைபட்ட நிலம். ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவியும், அதிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் யோத எல என்னும் கால்வாயும் இவ்வாற்றின் கொடையே. அக்கால்வாயின் முதல் 17 மைல் தூரத்துக்கு மைலொன்றுக்கு ஆறங்குலமே சரிவு என்பது எந்திரவியலார் இன்றும் வியந்து கூறும் செய்தி. கலாவாவிக்குக் கீழே ராஜாங்கனைக் குளம் உள்ளது. அதன் வான்கதவுகள் 30. இவையன்றி, 1976 ஆம் ஆண்டு பொல்கொல்லையில் மகாவலி நீர் திருப்பப்பட்டபின், பொவதென்ன வழியாக அயல் வடிநிலத்து நீரும் கலாவாவியை வந்தடைகின்றது. ஆதலின் எலுவன்குளத்தில் ஓடும் நீர் அவ்விடத்து மழையால் மட்டும் வந்ததன்று. கண்டி மலைநாட்டில் விழுந்த துளியும், குளத்தருகே நின்று கதவு திறந்த உத்தியோகத்தரின் முடிவும் அதிற் கலந்துள்ளன. கணிதம் எவ்வளவு நுட்பமானதாயினும் இவ்வுண்மையை மறந்தாற் பயன்படாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது நாடெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் அநுராதபுரம்–புத்தளம் வீதியிற் கலா ஓயாப் பாலத்தருகே பஸ் வண்டியொன்று வெள்ளத்திற் சிக்கியது. அறுபதிற்கு மேற்பட்ட பயணிகள் அருகேயிருந்த வீடொன்றின் கூரைமேல் ஏறி உயிர்தப்பினர். நெடுநேரப் போராட்டத்தின் பின்னரே மீட்கப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வழியாகக் கொழும்பு செல்லும் வண்டிகள் நாள்தோறும் கடக்கும் பாலம் அது. இம்மலரை வாசிப்போருட் பலர் அதன்மேல் உறங்கியபடி போயிருப்பர். மழை பெய்யும் என்பது முன்னறிவிக்கப்பட்டதுதான். எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் ஏறும் என்பது வேறு வினா. மழையின் முன்னறிவிப்பை நீரின் முன்னறிவிப்பாக மாற்றும் கணக்கே ஓடுநீர்க் கணக்கு.

இக்கணக்கு புதியதன்று. அயர்லாந்து எந்திரவியலாளர் மல்வேனி 1851 இல் ஓர் எளிய விதியை வகுத்தார்: மழையின் செறிவையும் நிலத்தின் பரப்பையும் பெருக்கி, அதனை நிலத்தின் இயல்பைக் காட்டும் ஒரு குணகத்தாற் பெருக்கினால் வெள்ளத்தின் உச்சம் கிடைக்கும் என்பது அது. வீதியோர மதகு எத்துணை அகலமாக இருக்கவேண்டும் என்று கணிக்க இன்றும் இதனைக் கையாள்வர். 1932 இல் அமெரிக்கராகிய சேர்மன், ஓரலகு நிகரமழை பெய்தால் ஆற்றில் நீர் ஏறி இறங்கும் கோலத்தை ஒரு வளைகோடாக வரைந்து, இரண்டலகு மழைக்கு அவ்வளைகோட்டின் உயரத்தை இரட்டித்துக் கொள்ளலாம் என்று காட்டினார். அதன்பின் மண், மரம், நிலத்தடிநீர் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கொள்கலமாகக் கற்பனை செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் கசிவதாகக் கணிக்கும் மாதிரிகள் எழுந்தன. இவை யாவற்றிலும் இயற்கையின் இயக்கத்தை மனிதன் முதலில் விளங்கிக்கொண்டு, பின்னர் சமன்பாடாக எழுதுகின்றான். நரம்பு வலையோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றது. சமன்பாட்டை நாம் கொடுப்பதில்லை. பழைய மழைப் பதிவையும் பழைய ஆற்றுப் பதிவையும் கொடுக்கின்றோம். இரண்டையும் இணைக்கும் தொடர்பைக் கணனியே தேடிக்கொள்கின்றது.

பெயரைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. மூளையின் நரம்பணுவை மிக எளிமையாக்கி மக்கலக்கும் பிற்சும் 1943 இல் அமைத்த கணிதக் கருத்தே இதன் வித்து. 1950 களின் இறுதியில் றோசன்பிளாட் அதற்குக் கற்கும் ஆற்றலை அளித்தார். 1969 இல் மின்ஸ்கியும் பப்பேட்டும் ஒற்றைப் படை வலையினால் இயலாதவை எவை என்று நிறுவியபோது ஆர்வம் குன்றியது. 1986 இல் ருமெல்ஹாட், ஹின்ரன், வில்லியம்ஸ் மூவரும் பலபடை வலைக்குப் பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து பயிற்றும் முறையைப் பரப்பியபின் அது மீண்டும் தலையெடுத்தது. ஹின்ரன் 2024 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசை ஹொப்பீல்டுடன் பகிர்ந்துகொண்டார்.

வலையின் உட்பொருளை விளக்க, வகுப்பறையில் நான் கையாளும் உவமை ஆற்றிலிருந்து சற்று விலகியது. வடமேல் மாகாணம் இறைச்சிக் கோழி வளர்ப்பிற் பெயர் பெற்றது. குருநாகல், புத்தளம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோழிக்கூடு தெரியாத பொருளன்று. கோழித் தீன் கலப்போன் சோளம், சோயாப் புண்ணாக்கு, மீன்தூள், விற்றமின்கள் என்பவற்றோடு மெதியோனின், லைசின் என்னும் அமினோ அமிலங்களையும் சிறிதளவு சேர்க்கின்றான். ஐந்து அல்லது ஆறு கிழமையிற் கோழியை நிறுத்துப் பார்க்கின்றான். எதிர்பார்த்த நிறை வராவிடின் அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்குக் கலவையின் விகிதத்தைத் திருத்துகின்றான். கோழியின் குடலில் நிகழ்வதை அவன் அறியவேண்டியதில்லை. இட்டதும் கிடைத்ததும் தெரிந்தாற் போதும். நரம்பு வலையும் இவ்வாறே கற்கின்றது.

உவமை இன்னும் ஒரு படி செல்லும். சோளமும் சோயாவும் கலந்த தீனில் முதலிற் குறைவுபடும் அமினோ அமிலம் மெதியோனின். அது குறைவாயிருக்கையில் வேறு எதைக் கூட்டினும் கோழி வளராது. சிறிது சேர்த்தவுடன் வளர்ச்சி விரைவாக ஏறும். தேவை நிறைந்தபின் மேலும் சேர்ப்பதாற் பயனில்லை. மிகுந்தால் வளர்ச்சி குன்றவும் செய்யும். ஆகவே இட்ட அளவுக்கும் கிடைத்த நிறைக்கும் உள்ள தொடர்பு நேர்கோடன்று. மழைக்கும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பும் அத்தகையதே. காய்ந்த மண் முதல் மழையை முழுதும் உண்டுவிடும். மண் நிறைந்தபின் வரும் மழை முழுதும் ஓடிவிடும். நேர்கோட்டுச் சமன்பாட்டாற் பிடிக்கவியலாத இவ்வளைவுகளைப் பிடிப்பதே நரம்பு வலையின் சிறப்பு.

இனி ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காகக் கற்பித்தவை. இன்றைய மழை 40, நேற்றைய மழை 60, முன்னைநாள் மழை 20 எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை உண்டு. அவை முறையே 0.2, 0.5, 0.3 ஆகுக. பெருக்கிக் கூட்டினால் 8 உம் 30 உம் 6 உம் சேர்ந்து 44. மண் உண்ணும் பங்காக 30 ஐக் கழித்தால் 14. இதுவே வலை கூறும் ஓட்டம். கூட்டுத்தொகை 30 இற் குறைவாயின் விடை பூச்சியம் எனக் கொள்க. ஆறு அசையாது கிடக்கும் ஐப்பசி அதுவே. அன்று ஆற்றில் உண்மையில் அளந்தது 20 ஆயின் பிழை 6. இப்பிழையை ஒவ்வொரு மழையளவாலும் பெருக்கி, 0.0001 என்னும் சிறிய எண்ணாலும் பெருக்கி, அந்தந்த நிறையோடு கூட்டவேண்டும். புதிய நிறைகள் 0.224, 0.536, 0.312 ஆகும். மீண்டும் கணித்தால் விடை 17.36. இருபதை நோக்கி வலை ஓரடி நகர்ந்துவிட்டது. இவ்வாறு ஆயிரக்கணக்கான நாட்களின் பதிவை மீண்டும் மீண்டும் காட்டித் திருத்துவதே பயிற்சி. 30 என்னும் கழிவெண்ணும் அவ்வாறே திருத்தப்படும். இத்தகைய அணுக்களைப் பலவாகப் படைபடையாக அடுக்கினால் அது வலை. க.பொ.த. சாதாரணதரக் கணிதம் கற்ற மாணவன் ஒற்றை அணுவின் கணக்கைச் செய்ய வல்லன். பல அணுக்களின் கணக்கைக் கணனி செய்கின்றது.

பயிற்சி முடிந்ததும் பரீட்சை வைக்கவேண்டும். ஈண்டே பலர் ஏமாறுகின்றனர். கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்த மாணவன் அதே வினாக்களுக்கு நூறு புள்ளி பெறுவான். புதிய வினாவில் விழுவான். வலையும் அணுக்கள் மிகுந்தாற் பழைய வெள்ளங்களை மனனம் செய்துவிடும். ஆகவே பயிற்சியிற் காட்டாத ஆண்டுகளின் பதிவிலேயே அதனைச் சோதித்தல் முறை. சோதனைக்கு நாஷ், சட்கிளிப் இருவரும் 1970 இல் வகுத்த அளவுகோல் பெரிதும் வழங்குகின்றது. விடை முற்றும் சரியாயின் 1. ஆற்றின் சராசரி ஓட்டத்தையே நாள்தோறும் கூறினாற் கிடைக்கும் தரம் பூச்சியம். அதனினும் கீழாயின் எதிர்க்கணியம். இவ்வளவுகோலிலும் ஒரு பொறி உண்டு. நேற்றைய ஆற்றோட்டத்தையும் வலைக்குக் கொடுத்தால், அது நேற்றையதையே இன்றைக்கும் திருப்பிக் கூறி உயர்ந்த புள்ளி பெற்றுவிடும். ஏனெனிற் பெரும்பாலான நாட்களில் ஆறு நேற்றுப்போலவே இன்றும் ஓடும். வெள்ளம் எழும் அந்த ஒரு நாளிலே மட்டும் அது ஒரு நாள் பிந்தும். அந்த ஒரு நாளுக்காகவன்றோ முன்னறிவிப்பு வேண்டப்படுகின்றது! ஆய்வுக் கட்டுரைகளில் 0.9 என்ற தரத்தைக் கண்டவுடன் கைதட்டும் மாணவர், நேற்றையதைத் திருப்பிச் சொல்லும் எளிய விதி அதே ஆற்றில் எத்தனை புள்ளி பெறும் என்று முதலிற் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

மேலே கண்ட சிறு வலைக்கு மூன்று நாள் நினைவே உண்டு. வரண்ட வலயத்து மண்ணுக்கோ மாதக்கணக்கான நினைவு. இக்குறையை நீக்கியது ஹொக்ரைற்றர், சிமிட்ஹுபர் இருவரும் 1997 இல் அமைத்த நீள்நினைவு வலை. ஆங்கில நூல்களில் இதன் விளக்கம் கடினமாகத் தோன்றினும், வன்னிக் குளக்கரையில் வளர்ந்தவனுக்கு இது மிக எளிது. அவ்வலையின் இன்றைய வடிவில் ஒவ்வோர் அணுவும் ஒரு குளம். குளத்திற் கிடக்கும் நீரே நினைவு. புதிய செய்தியை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை ஒரு வாயில் தீர்மானிக்கும். பழையதில் எவ்வளவை வான் வழியாகக் கழித்துவிடுவது என்பதை இன்னொரு வாயில் தீர்மானிக்கும். துருசைத் திறந்து எவ்வளவை வெளியே பாய்ச்சுவது என்பதை மூன்றாவது வாயில் தீர்மானிக்கும். எப்போது எவ்வாயிலை எவ்வளவு திறப்பது என்பதைப் பயிற்சியினாலேயே அது கற்றுக்கொள்ளும். ஆவணி, புரட்டாதி வெயிலும் ஐப்பசி மழையும் அக்குளத்திற் சேமிக்கப்பட்டு, மார்கழி வெள்ளத்தின் கணக்கிற்கு உதவுகின்றன.

1995 இல் சூ, குப்தா, சொரூசியன் மூவரும் மிசிசிப்பி மாநிலத்து லீவ் ஆற்றில் நரம்பு வலையைச் சோதித்தது இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. 2018 இற் கிரட்சர்ட்டும் துணைவரும் நீள்நினைவு வலையை ஆறுகளுக்குப் பயன்படுத்திக் காட்டினர். அடுத்த ஆண்டில் அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் 531 வடிநிலங்களின் பதிவையும் ஒரே வலைக்குக் காட்டிப் பயிற்றினர்; ஆறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருத்திய பழைய மாதிரிகளை அந்த ஒரு வலை வென்றது. இம்முடிவு வியக்கத்தக்கது. ஓர் ஆற்றைப் பற்றி மற்றோர் ஆறு கற்பிக்கக்கூடும் என்பது இதனாற் புலனாயிற்று. கூகிள் நிறுவனம் 2018 இல் பீகாரின் பாட்னாப் பகுதியில் வெள்ள எச்சரிக்கையைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அந்நிறுவனத்து ஆய்வாளர் 5,680 அளவை நிலையங்களின் பதிவைக் கொண்டு வெளியிட்ட ஆய்வின்படி, பெருவெள்ளங்களை ஐந்து நாள் முன்னதாக அவ்வலை கூறும் நம்பகம், ஐரோப்பிய உலக வெள்ள முறைமை அதே நாளிற் கூறும் நம்பகத்துக்கு ஏறத்தாழ நிகரானது. அளவுகோலே நடப்படாத ஆறுகளையும் இவ்வாறு கணிக்கலாம் என்பது எம் போன்ற நாடுகளுக்குப் பெருநன்மை.

எனினும் கலா ஓயாவுக்கு இதனை அப்படியே பொருத்திவிடலாமா? இங்கு மூன்று இடர்களேனும் எதிர்ப்படும். அவற்றுள் முதன்மையானது முன்னர்க் குறித்த வான்கதவு. மழையை மட்டும் கற்ற வலைக்கு ராஜாங்கனையில் எத்தனை கதவு எத்தனை அடி உயர்த்தப்பட்டது என்பது தெரியாது. ஒரே மழைக்கு ஓராண்டிற் குளம் காலியாயிருந்து நீரை ஏந்திக்கொள்ளும். மற்றோராண்டில் நிரம்பியிருந்து கதவு திறக்கப்படும். ஆதலின் குளத்தின் நீர்மட்டமும் கதவுத் திறப்பும் வலைக்கு ஊட்டப்படல் வேண்டும். இவை நீர்ப்பாசன உத்தியோகத்தரின் பதிவேட்டில் எழுதப்படுவன. வானிலிருந்து செயற்கைக் கோள் காண்பன அல்ல. என் எண்ணத்தில், எலுவன்குளத்து வெள்ளத்தை முன்னறிய நூறு அணுக்கள் கொண்ட வலையைவிட அப்பதிவேட்டின் ஒரு நிரல் அதிகம் உதவும். களனி கங்கையிற் கிளன்கோர்ஸ், ஹங்வெல்ல ஆகிய மேல்நிலையங்களின் நீர்மட்டத்தைக் கொண்டு கொழும்பு நாகலகம் வீதியில் ஏறப்போகும் நீரை மதிப்பிடுவதும் இத்தகைய எளிய அறிவையே அடிப்படையாகக் கொண்டது.

பதிவின் தரம் அடுத்த இடர். ஆற்றின் ஓட்டத்தை எவரும் நாள்தோறும் நேரே அளப்பதில்லை. அளவுகோலில் நீரின் உயரத்தைப் பார்த்து, முன்னரே வரைந்த வளைகோட்டின் உதவியால் ஓட்டமாக மாற்றுகின்றனர். பெருவெள்ளத்தில் ஆற்றினுள் இறங்கி வேகத்தை அளக்க இயலாது. சிலவேளை அளவுகோலே அடித்துச் செல்லப்படும். ஆகவே எந்த நாட்களின் பதிவு மிக வேண்டப்படுகின்றதோ, அந்நாட்களின் பதிவே மிக நலிந்தது.

மூன்றாவது இடர் வலையின் இயல்பிலேயே உள்ளது. தான் கண்ட எல்லைக்கு அப்பாற் செல்ல அது தயங்கும். கடந்த முப்பதாண்டில் ஆறு எட்டாத உயரத்தை அது பெரும்பாலும் கூறாது. பல குளங்களின் கட்டுகளை உடைத்த 1957 டிசம்பர் வெள்ளமும், 2025 நவம்பர் வெள்ளமும் அன்றாடப் பதிவுகளோடு ஒப்புநோக்கத் தக்கவையல்ல. பல நாட்டு ஆறுகளை ஒருங்கே கற்பிப்பதன் நோக்கங்களுள் ஒன்று இக்குறையைக் குறைப்பதே. தன் ஆற்றிற் காணாத பெருவெள்ளத்தை வலை பிறர் ஆற்றிற் கண்டிருக்கும். அன்றியும் நீரின் அளவு அழியாது என்னும் விதியை வலையினுள்ளேயே புகுத்தி, பழைய சமன்பாடுகளையும் புதிய வலையையும் மணம் முடித்து வைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பழைய எந்திரவியலாரை இளைய கணனியியலார் எள்ளுவதும், இவர்களை அவர்கள் 'உள்ளே என்ன நிகழ்கின்றதென்று அறியாதவர்' என்று இகழ்வதும் அண்மையிற் சற்றே தணிந்திருப்பது நன்று.

கணக்கு முடிந்தபின்னும் ஒரு வேலை எஞ்சும். வினாடிக்கு இத்தனை கனமீற்றர் என்ற விடை பஸ் சாரதிக்கு ஒன்றும் உணர்த்தாது. பாலத்தின்மேல் முழங்காலளவா, இடுப்பளவா, எத்தனை மணிக்கு என்பதே அவருக்கு வேண்டுவது. அதுவும் அவர் பேசும் மொழியில், கதவு திறக்கப்படுமுன் கிடைத்தல் வேண்டும். சிங்களத்தில் வந்த அறிவித்தல் தமிழாவதற்குள் நீர் எலுவன்குளத்தை அடைந்துவிட்டால் வலையின் நுட்பத்தால் ஆவதென்ன?

எமது பாடசாலையில் ஒன்பதாந்தர மாணவர்க்கு இதனையொட்டி ஒரு பயிற்சி வகுத்துள்ளேன். வாய் சமமாக வெட்டிய போத்தலும் அடிமட்டமும் கொண்டு செய்த மழைமானி ஒன்று முற்றத்தில் நிற்கின்றது. சதுரக்கோட்டுக் கொப்பியில் நான்கு நிரல்: முற்றத்து மழை, வானொலியிற் கூறும் அநுராதபுரத்து மழை, ராஜாங்கனையில் திறந்த கதவுகளின் தொகை, மன்னார் வீதியில் வண்டி போயிற்றா இல்லையா. முற்றத்து மழைக்கும் வீதி அடைபட்டதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை மாணவர் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டனர். மூன்றாம் நிரலுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதைப் பற்றி இப்போது வகுப்பில் வாதம் நடைபெறுகின்றது.